வடசென்னையிலிருந்து ஏலகிரிக்கு: முதல் முறையாகக் கூட்டமாக பைக்கில் மலையேறப் போகிறவர்களுக்கு

வடசென்னையில் வண்டி ஓட்டப் பழகியவருக்கு மேடு என்றால் மூலக்கடை மேம்பாலம்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் போய் வருவார். மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரைப் பார்த்தவுடனே, வண்டி போகுமா போகாதா என்று சொல்லிவிடுவார். மிண்ட் பக்கம் மீன்பாடி வண்டிக்கும் மாநகரப் பேருந்துக்கும் இடையில் கண்ணாடி உரசாமல் நுழைந்து வெளியே வருவார். இந்தக் கைப்பழக்கம் எல்லாம் மலையில் உதவும். உதவாத பழக்கங்கள் இரண்டு உண்டு. வேகம் குறைக்க வேண்டிய இடத்திலெல்லாம் கிளட்ச்சைப் பிடிப்பது ஒன்று. நாலு வண்டி சேர்ந்து போனால் முன்னால் போகிறவனைத் துரத்துவது இன்னொன்று. கீழே எழுதியிருப்பதில் பாதி, இந்த இரண்டையும் விடுவதைப் பற்றியதுதான்.

முதல் மலையாக ஏலகிரியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி பெங்களூரு நெடுஞ்சாலை. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். பழகிக்கொள்ளப் போதுமான வளைவு, பயந்து போகாத அளவுக்கு உயரம். ஏற்காட்டுக்குப் போனால் 20 வளைவு, கொல்லிமலை என்றால் 70. "நேரா கொல்லிமலைக்கே போயிடலாம் மச்சி" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அடுத்த வருடம் போகலாம் என்று சொல்லி வையுங்கள்.

ஆள் சேர்ப்பது

ஐந்து, ஆறு வண்டி போதும். அதற்கு மேல் போனால் ஒரு சிக்னலில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், டீக்கடையில் ஒரு டீ முடிய அரை மணி நேரம் ஆகும், சாலையில் பின்னால் வரும் வண்டிகளுக்கும் உங்களைத் தாண்ட வழி கிடைக்காது. பத்து வண்டி சேர்ந்துவிட்டால் இரண்டு குழுவாகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் கிளம்புங்கள்.

பிறகு வரிசை. வழி தெரிந்த, நிதானமான ஒருவர் முன்னால். குழுவிலேயே புதியவர், அல்லது சிறிய வண்டி வைத்திருப்பவர், இரண்டாவது. இதைத்தான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். புதியவரைக் கடைசியில் விட்டால், முன்னால் போகிறவர்களைப் பிடிக்க வேண்டும் என்கிற பதற்றத்தில் அவர் தன் சக்திக்கு மீறி முறுக்குவார். இரண்டாவது இடத்தில் இருந்தால் முன்னால் போகிறவர் கண்ணாடியில் இவரைப் பார்த்தே வேகத்தை வைத்துக்கொள்ளலாம். கடைசி இடத்துக்கு, இருப்பதிலேயே நன்றாக ஓட்டுகிறவரும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவரும். டூல்ஸ், பஞ்சர் கிட், முதலுதவிப் பை எல்லாம் அவரிடம்தான். அவர் நின்றால் மொத்தக் குழுவும் நிற்க வேண்டும். உண்மையில் குழுவின் தலைவர் அவர்தான். முன்னால் போகிறவர் வழி காட்டுகிறவர், அவ்வளவே.

வீலிங் போடுகிறவர், சைலன்சரை மாற்றிச் சத்தம் எழுப்புகிறவர், "நான் அங்கே போய் வெயிட் பண்றேன்" என்று பறக்கிறவர். நெருங்கிய நண்பராகவே இருந்தாலும் இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரயிலில் வந்து ஜோலார்பேட்டையில் இறங்கினால் ஏலகிரி பக்கம்தான், அப்படி வரட்டும்.

வண்டி

1950களிலிருந்து திருவொற்றியூரில் புல்லட் தயாரானதால் நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை ஊறிக்கிடக்கிறது: மலைக்குப் போக புல்லட்தான் வேண்டும் என்று. தேவையில்லை. 110, 125 சிசி வண்டியில் ஒருவர் தாராளமாகப் போகலாம். 100 சிசி வண்டியில் இரண்டு பேர் பையோடு ஏறினால் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும், ஆனால் ஏறிவிடும். ஸ்கூட்டரும் ஏறும். இறங்குவதில்தான் அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, பிறகு சொல்கிறேன்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது உப்புக்காற்று. செயின் துருவேறி இறுகியிருக்கும். கிளட்ச் கேபிள் உறைக்குள்ளே இழை இழையாக அறுந்திருப்பது வெளியே தெரியாது. ஊருக்குள் அறுந்தால் தள்ளிக்கொண்டு வரலாம், எட்டாவது வளைவில் அறுந்தால் கஷ்டம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் விடுங்கள், முந்தின நாள் வேண்டாம். மாற்றிய பாகம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க நாலு நாள் ஊருக்குள் ஓட வேண்டும். அவரிடம் வெறுமனே "சர்வீஸ் பண்ணிடுங்க அண்ணா" என்று சொல்லாமல், பிரேக் ஷூ, டிஸ்க் பேட் எவ்வளவு மிச்சம் என்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க் வண்டி என்றால் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்றும் பாருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்து, லிவர் பொதபொதவென்று உள்ளே போய்விடும். நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் அதை விட்டுவைக்கக் கூடாது.

டயரில் கோடுகள் தேய்ந்து நடுவில் மொழுமொழுவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்டு வாங்கலாம். பழைய பிரேக் ஷூவும் பழைய ஹெல்மெட்டும் மட்டும் எங்கேயும் வாங்காதீர்கள். ஒரு முறை அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளவென்றுதான் இருக்கும், உள்ளே நசுங்கியிருக்கும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் வேண்டும், பின்னால் உட்காருபவருக்கும் வேண்டும். சட்டமும் அதுதான், தமிழ்நாட்டில் அபராதம் 1000 ரூபாய். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். ஆனாலும் மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் நிறுத்தினால் திறக்காது, ஜெராக்ஸ் ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

ஒத்திகைக்குத் திருத்தணி

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏலகிரிக்கு ஓரிரு வாரம் முன்பு, ஒரு ஞாயிறு விடியலில் அதே ஆட்கள் அதே வரிசையில் செங்குன்றம், திருவள்ளூர் வழியாகத் திருத்தணி போய் வாருங்கள். கோயில் வரைக்கும் வண்டி போகிற பாதை இருக்கிறது. சின்ன மலைதான், ஆனால் மேட்டில் நின்று கிளம்பவும், கியரில் இறங்கவும், ஒருவர் பின் ஒருவராகப் போகவும் அது போதும். கிருத்திகை நாளைத் தவிர்த்துவிடுங்கள், காவடிக் கூட்டத்தில் வண்டி நகராது.

அங்கே பழக வேண்டிய முக்கியமான ஒன்று, மேட்டில் நிறுத்திக் கிளம்புவது. காலால் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், இடது கால் தரையில். கிளட்ச்சை மெல்ல விட்டு, வண்டி முன்னால் இழுக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு பிரேக்கை விட வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அதே கையால் ஆக்ஸிலேட்டரும் முறுக்கப் பார்த்தால் வண்டி பின்னால் உருளும். பத்து தடவை செய்தால் வந்துவிடும். இது வராதவரைக் கூட்டிப் போகாதீர்கள்.

கிளம்பும் நாள்

மாதவரம் ரவுண்டானா பக்கம் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க்கில் விடியற்காலை நான்கரைக்குக் கூடலாம். தண்டையார்பேட்டையிலிருந்து வருகிறவருக்கும் கொளத்தூரிலிருந்து வருகிறவருக்கும் அது பொது இடம். எல்லோரும் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். இனி அடுத்த பெட்ரோல், சின்ன டேங்க் வைத்திருப்பவர் போடும்போது எல்லோரும். "எனக்கு இன்னும் இருக்கு" என்பவர்தான் இருபது கிலோமீட்டர் தாண்டி ரிசர்வில் நிற்பார். போக வர 500 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டிக்கு 11 லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். பெட்ரோல் அவரவர் கணக்கு. அறை, சாப்பாடு, டீ எல்லாம் பொதுக் கணக்கு. முதலிலேயே ஆளுக்கு ஒரு தொகை வசூலித்து ஒருவரிடம் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு கடையிலும் கணக்குப் பார்க்கும் தொல்லை இல்லை.

புழல் பைபாஸைப் பிடித்து அம்பத்தூர், மதுரவாயல் வந்து, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போக வேண்டும். சீக்கிரம் கிளம்பச் சொல்வது ஸ்ரீபெரும்புதூருக்காகத்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் அணிவகுக்கும். அதற்கு முன் தாண்டிவிட்டால் வாலாஜாபேட்டை வரை நிம்மதி. இன்னொரு லாபமும் உண்டு. மேற்கு நோக்கிப் போவதால் காலை வெயில் முதுகில்தான் அடிக்கும். மறுநாள் மதியத்துக்கு மேல் திரும்பினாலும் அப்படியே. சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரம் தனி வழி இருக்கும்.

நெடுஞ்சாலையில் மாற்றி மாற்றி, அதாவது ஒருவர் இடப்பக்கம் என்றால் அடுத்தவர் கொஞ்சம் பின்னால் வலப்பக்கம் என்று போகலாம். முன்னால் உள்ள வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டிய பிறகு இரண்டு விநாடி கழித்து நீங்கள் தாண்டினால் இடைவெளி சரி. பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசாதீர்கள். லாரியை முந்துவது ஒவ்வொருவரின் சொந்த முடிவு. முன்னால் போனவர் "வா வா" என்று கை காட்டினார் என்பதற்காக வெளியே வராதீர்கள், அவர் பார்த்தபோது இருந்த சாலை நீங்கள் வரும்போது இருக்காது.

அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். ஆம்பூரில் பிரியாணி சாப்பிடாமல் வர முடியாது என்பது எனக்கும் தெரியும். சீரகச் சம்பாவும் கத்தரிக்காய்த் தொக்கும் வயிற்றில் இறங்கினால் கண் சொருகும், அடுத்து வருவது மலைப்பாதை. போகும்போது இட்லி, திரும்பும்போது பிரியாணி என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்போதும் சாப்பிட்டு ஒரு அரை மணி நேரம் கால் நீட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டுத் திருப்பத்தூர்ச் சாலையில் போனால் பொன்னேரி கூட்டுச்சாலை வரும், மலைப்பாதை அங்கிருந்து பிரிகிறது. மேப்பில் வெறுமனே "பொன்னேரி" என்று தட்டாதீர்கள். மீஞ்சூருக்கு அடுத்த நம்ம பொன்னேரிக்கு வழி காட்டி, மாதவரத்திலிருந்து வடக்கே அனுப்பிவைக்கும்.

ஏற்றம்

அடிவாரத்தில் நிறுத்தி எல்லோரும் சேர்ந்த பிறகு ஏறுங்கள். இங்கிருந்து மாற்றி மாற்றிப் போவது கிடையாது, ஒரே வரிசை. முந்துவதும் கிடையாது. இடைவெளி விழுந்தால் விழட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரே பொறுப்புதான்: தன் பின்னால் வருகிற வண்டி கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்ப்பது. தெரியவில்லை என்றால் வளைவு இல்லாத, அகலமான இடத்தில் ஓரம் கட்டிக் காத்திருப்பது. எல்லோரும் இப்படிச் செய்தால் போன் இல்லாமலேயே குழு பிரியாது.

வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். பலகையை நின்று படியுங்கள், ஓட்டிக்கொண்டே படிக்க வேண்டாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரையும் இறக்கிவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் தேடினால் வண்டி நின்றுவிடும். ஹாரன் ஒரு முறை, பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். கண் தடுப்புச் சுவரைப் பார்க்கக் கூடாது, திரும்பி ஏறப்போகிற சாலையைப் பார்க்க வேண்டும். பார்க்கிற பக்கம்தான் வண்டி போகும்.

நாம் இடப்பக்கம் போவதால், இடதுபக்கம் திரும்பும் ஏற்ற வளைவுதான் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், புதியவர்கள் வண்டியை அணைத்துவிடுவது அங்கேதான். வலதுபக்க வளைவில் ஆபத்து வேறு மாதிரி. சுலபமாக இருக்கிறதே என்று நடுக்கோட்டைத் தாண்டி வெட்டத் தோன்றும், எதிரே பேருந்து இறங்கி வரும். பேருந்துக்கு வளைவின் முழு அகலமும் வேண்டும், அதன் பின்பகுதி உள்பக்கத்தை உரசிக்கொண்டு திரும்பும். வளைவுக்குக் கீழேயே நின்று, அது இறங்கிய பிறகு ஏறுங்கள். சாலை விதிப்படி குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. விதி உங்கள் பக்கம் இருந்தாலும் பேருந்தோடு வழக்காட வேண்டாம்.

மேலே

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். சென்னை உடம்புக்கு அது இரவில் ஸ்வெட்டர் கேட்கும். புங்கனூர் ஏரியில் படகு, நிலாவூர், தெம்பு இருந்தால் அங்கேயே உள்ள சுவாமிமலைக்கு நடை. அறை எடுக்கும்போது வண்டிகளை உள்ளே நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள், எல்லோருடைய அடையாள அட்டையும் வேண்டும். சனிக்கிழமை இரவைவிட ஞாயிறு இரவு அறை சுலபமாகக் கிடைக்கும். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், டேங்க் பையைத் திறந்து பார்க்கும் அளவுக்கு அவை தேறியவை.

சரி, குடி. அறைக்குள் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்பது என் வேலையில்லை. ஆனால் இரவு ஒரு மணி வரை குடித்தவர் காலை எட்டு மணிக்குத் தெளிந்திருக்க மாட்டார், தெளிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றும். அவர் அன்றைக்குப் பின் சீட்டில்கூட உட்காரக் கூடாது, பேருந்தில் இறங்கட்டும்.

இறக்கம்

ஏறும்போது பயந்தவர்கள் இறங்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். பெரிய அடி படுவது இங்கேதான்.

லாரி ஓட்டுநர்கள் வழிவழியாகச் சொல்வது இது: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் ஏறினால் இரண்டில்தான் இறங்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். மிச்சத்துக்கு மட்டும் பிரேக். கிளட்ச்சைப் பிடித்த அந்த நொடியில் இன்ஜினின் பிடி விட்டுப்போகும், மலையே உங்களைத் தள்ளும். ஊருக்குள் சிக்னலைப் பார்த்தாலே இடது கை தானாக மடங்கும் பழக்கத்தை இங்கே வைத்திருக்கக் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்து உருட்டுவதும் அறவே கூடாது.

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். டிரம் பிரேக்கில் இது இன்னும் சீக்கிரம். அழுத்து, விடு, அழுத்து, விடு என்று முன்னும் பின்னும் சேர்த்துப் பிடியுங்கள். ரப்பர் கருகியது போல வாடை வந்தாலோ, லிவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ நிறுத்துங்கள். பத்து, பதினைந்து நிமிடம் தானாக ஆறட்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் வரும் வண்டிகளில் ஏ.பி.எஸ். உண்டு, 125 சிசியிலும் அதற்குக் கீழேயும் சி.பி.எஸ்.ஸாவது (ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு) இருக்கும். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். சூடேறி ஓய்ந்த பிரேக்கை அதனால் மீட்க முடியாது.

ஸ்கூட்டரின் சிக்கல் இதுதான். ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு வேகமும் குறைந்துவிட்டால் உள்ளே கிளட்ச் தானாகக் கழன்றுவிடும், வண்டி நியூட்ரலில் உருள்வது போல உருளும். ஆகவே கொஞ்சமாக ஆக்ஸிலேட்டரைப் பிடித்தபடியே பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி இறங்க வேண்டும். நாலு வளைவுக்கு ஒரு முறை நின்று ஆற விடுங்கள். ஸ்கூட்டரில் இரண்டு பேர் இறங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். வேறு வண்டியில் இடமிருந்தால் ஒருவர் மாறிக்கொள்ளட்டும்.

பின்னால் உட்காருபவரின் எடை இறக்கத்தில் முன்னால் சரியும். ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, வண்டி சாய்கிற பக்கமே அவரும் சாய வேண்டும். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவர் கையில் வண்டி கனக்கும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, பையின் நாடா எதுவும் தொங்கக் கூடாது. காலை நேரத்தில் வளைவின் ஓரங்களில் ஈர இலையும் ஜல்லியும், சில சமயம் டீசல் சிந்தியதும் கிடக்கும். வெயில் ஏறிச் சாலை காய்ந்த பிறகு, பதினோரு மணிவாக்கில் இறங்கத் தொடங்கினால் இருட்டுவதற்குள் பூந்தமல்லியைப் பிடித்துவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் முதல் பயணத்தை வைக்காதீர்கள், ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

யாராவது விழுந்தால்

முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த வளைவுக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் போய் நிற்க வேண்டும். எல்லோரும் விழுந்தவரைச் சுற்றிக்கொண்டால் அடுத்த வண்டி அந்தக் கூட்டத்தில் வந்து ஏறும். ஆளுக்கு நினைவு இல்லை, கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், 108க்கு அழையுங்கள். மூச்சுக்குத் தடை இல்லாவிட்டால் ஹெல்மெட்டையும் இழுத்துக் கழற்ற வேண்டாம். தமிழ்நாட்டில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டம் இருக்கிறது, மருத்துவமனையில் அதைக் கேளுங்கள். எல்லோருடைய ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய தாள் ஒன்று முன்னால் போகிறவரிடமும் ஒன்று கடைசி ஆளிடமும் இருக்கட்டும். போன் பூட்டியிருக்கும்போது அந்தத் தாள்தான் உதவும்.

திரும்பி வந்த பிறகு

மறுநாளே வண்டியைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் போட்டு, பிரேக் பேடை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இறக்கத்தில் நன்றாகத் தேய்ந்திருக்கும். பொதுக் கணக்கில் மிஞ்சியதை அந்த வாரமே பிரித்துக் கொடுங்கள், இல்லையென்றால் அடுத்த பயணத்துக்கு ஆள் குறையும். அடுத்தது ஏற்காடு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஆசைப்பட்டால், 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.